ஓவன் பான்கேக் உப்பாமல் போனால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முட்டை, பால், மைதா மூன்றையும் தண்ணீராகக் கரைத்து, வெண்ணெயோடு நன்றாகக் காய்ந்த சட்டியில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினால், இருபது நிமிடத்தில் ஓரமெல்லாம் சட்டிக்கு மேலே ஏறி, நடுவில் குழிந்து, பொன்னிறமாக ஒரு பான்கேக் வரும். டச் பேபி, ஜெர்மன் பான்கேக் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். குழியில் பழத்தை நிரப்பினால் காலை உணவு தயார். இதில் பேக்கிங் பவுடர் கிடையாது, சோடா கிடையாது, ஈஸ்ட் கிடையாது. உப்ப வைப்பது நீராவி மட்டும்தான்.

அதனால் இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை செய்முறைக் குறிப்பில் இருப்பதில்லை. ஊற்றிய நேரத்தில் சட்டி எவ்வளவு காய்ந்திருந்தது, மாவிலும் பழத்திலும் தண்ணீர் எவ்வளவு கூடியிருந்தது என்ற இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. முட்டையைக் கூட்டலாமா, மைதாவைக் குறைக்கலாமா என்று அளவில் கை வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான். 25 செ.மீ. (10 அங்குலம்) குறுக்களவுள்ள வார்ப்பிரும்புச் சட்டிக்கு:

முட்டை 3 (ஓடு நீக்கி சுமார் 150 கிராம்)
பால் 120 மி.லி.
மைதா 65 கிராம்
சர்க்கரை 1 மேசைக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி
வெண்ணெய் 40 கிராம்

வெறும் சட்டியை ஓவனின் நடுத் தட்டிலோ அதற்கு ஒரு படி கீழேயோ வைத்து, 220 டிகிரி செல்சியஸில் குறைந்தது 20 நிமிடம் காய விடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 200 டிகிரி போதும். அந்த இடைவெளியில் வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் மிக்சியில் 20 முதல் 30 வினாடி அடித்து, அப்படியே மூடி வைத்துவிடுங்கள். சட்டி காய்ந்ததும் வெண்ணெயைப் போட்டுச் சுழற்றி, பக்கச் சுவரிலும் படும்படி செய்து, நுரை அடங்கியதும் மாவை நடுவில் ஒரே வீச்சில் ஊற்றி, உடனே கதவை மூடுங்கள். 18 முதல் 20 நிமிடம். இடையில் திறக்கக் கூடாது.

கைப்பிடியும் சட்டியோடு சேர்ந்து 220 டிகிரிக்குப் போயிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளியே எடுத்த பிறகு கைப்பிடியின் மேல் ஒரு தடித்த துணியைப் போட்டு வையுங்கள். மேசையில் இருக்கும் சட்டியைப் பழக்கதோஷத்தில் வெறுங்கையால் பிடித்துச் சுட்டுக்கொள்வதுதான் இந்தப் பண்டத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து.

அறிகுறி: எழும்பவே இல்லை, தட்டையாக ஆம்லெட் மாதிரி வந்தது

முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் காரணத்தைப் பிடிப்பது சுலபம். தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். சூடான சட்டியில் மாவு பட்டதும் அடிப்பகுதியிலும் ஓரத்திலும் நீராவி கிளம்பி மாவை மேலே தள்ளுகிறது. அதே நேரத்தில் முட்டையின் புரதம் இறுகி, மைதாவின் மாவுச்சத்து வெந்து, தள்ளப்பட்ட வடிவத்தை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். சூடு குறைந்தால் நீராவி வலுவாகக் கிளம்புவதற்கு முன்பே முட்டை மெல்ல இறுகிவிடும். இறுகிய பிறகு என்ன சூடு கொடுத்தாலும் அது எழும்பாது.

சட்டி காயவில்லை என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஓவனின் விளக்கு அணைந்துவிட்டது, அல்லது பீப் சத்தம் வந்துவிட்டது என்றால் உள்ளே காற்று சூடாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். கனமான வார்ப்பிரும்பு அந்தச் சூட்டை எட்ட இன்னும் 10 நிமிடமாவது ஆகும். வெண்ணெய்த் துண்டைப் போட்டதும் சுர்ரென்று சத்தம் வந்து, ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் உருகி நுரைத்தால் சட்டி தயார். வெண்ணெய் சத்தமில்லாமல் மெல்ல வழிந்து உருகினால் சட்டியை மறுபடி உள்ளே வைத்து 7, 8 நிமிடம் காத்திருங்கள். மாவை ஊற்றும்போதும் கவனியுங்கள்: ஓரத்தில் தொட்ட இடம் அந்தக் கணமே வெளுத்து, சின்னச் சின்னக் குமிழியோடு சுருங்க வேண்டும். மாவு அமைதியாகப் போய்ப் படுத்துக்கொண்டால் அந்தச் சட்டி தட்டையாகத்தான் வரும்.

அடுத்தது, ஓவன் சொல்லும் எண் உண்மையா என்பது. வீட்டு ஓவன்களில் திருகில் 220 என்று வைத்தால் உள்ளே 200 மட்டும் இருப்பது சாதாரணம். ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். 220க்குக் கீழே இருந்தால் குறைகிற அளவுக்குத் திருகைக் கூட்டி வையுங்கள். மைக்ரோவேவ் முறையில் மட்டும் ஓடும் கருவியில் இது வராது, முயற்சி வேண்டாம். கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழலவிடும்) முறை இருந்தால் அதில் செய்யலாம். அது எட்டும் அதிகபட்ச வெப்பத்தை வைத்து, சட்டியைத் தனியாக அடுப்பில் சூடாக்கி உள்ளே வையுங்கள்.

மூன்றாவது, மாவு குளிர்ந்திருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையும் பாலும் 4, 5 டிகிரியில் இருக்கும். முந்நூறு மி.லி. குளிர்ந்த மாவு சட்டியின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். பாலைக் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்குச் சூடாக்குங்கள், முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் போட்டு வையுங்கள். காலை அவசரத்தில் இதுதான் மிக எளிய திருத்தம், பலனும் கண்கூடாகத் தெரியும்.

நான்காவது, சட்டிக்கும் மாவுக்கும் பொருத்தமில்லை. மாவு சட்டியில் 6 முதல் 7 மி.மீ. உயரம் நிற்க வேண்டும். மேலே சொன்ன அளவு 25 செ.மீ. சட்டியில் அப்படித்தான் நிற்கும். அதையே 30 செ.மீ. சட்டியில் ஊற்றினால் மெல்லிய படலமாகப் பரவி, எழும்ப முடியாமல் சீக்கிரம் காய்ந்துவிடும். 20 செ.மீ. சட்டியில் ஊற்றினால் ஒரு சென்டிமீட்டர் உயரம் நின்று, நடு வேகாமல் கனத்துப் போகும். 20 செ.மீ. சட்டிக்கு 2 முட்டைக் கணக்கும், 30 செ.மீ. சட்டிக்கு 4 முட்டைக் கணக்கும், 23க்கு 33 செ.மீ. செவ்வகத் தட்டுக்கு 4 அல்லது 5 முட்டைக் கணக்கும் சரியாக இருக்கும். ஒரு முட்டைக்கு 40 மி.லி. பால், 22 கிராம் மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சிறியதாக இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடை போட்டு, முட்டை ஒன்றுக்கு 50 கிராம் கணக்குக்குக் கொண்டு வாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எழும்பவில்லையென்றால் மைதாவைப் பாருங்கள். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவு என்றால் அது கேக் மாதிரி சீராகப் பொங்கி, ஓரச் சுவரே எழாமல், பிறகு அமுங்கும். அடிப்படை அளவோடு கூடுதலாக ஒரு சிட்டிகை சோடா போட்டாலும் இதே கதைதான். முழுக் கோதுமை மாவில் தவிடு இருப்பதால் உயரம் குறையும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக அரிசி மாவும் சோள மாவும் (வெள்ளையான கார்ன்ஃபிளவர்) பாதிப் பாதி சேர்க்கலாம். இங்கே வடிவத்தைத் தாங்குவதில் முட்டைக்குத்தான் பெரிய பங்கு. அதே காரணத்தால் முட்டை இல்லாமல் இது வராது. முட்டை சேர்க்காதவர்கள் வேறு வகைப் பான்கேக் செய்வதே நல்லது; இதற்கு மாற்றுப் பொருள் சொல்லிப் பொருளை வீணாக்கச் சொல்ல மனம் வரவில்லை.

அறிகுறி: அழகாக எழுந்தது, வெளியே எடுத்ததும் அமுங்கியது

பாதி நேரம் இது கோளாறே இல்லை. ஓவனை விட்டு வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் நடுப்பகுதி இறங்கியே தீரும். பழம் வைக்கும் குழி கிடைப்பதே இதனால்தான். நிமிர்ந்து நிற்க வேண்டியது ஓரச் சுவர் மட்டும். அது நிற்கிறது என்றால் பான்கேக் சரி. எல்லோரையும் மேசையில் உட்கார வைத்துவிட்டுச் சட்டியைக் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான்.

சுவரும் சேர்ந்து தொய்ந்து விழுந்தால்தான் கோளாறு. சுவர் வெளியே நிறம் வந்து உள்ளே ஈரமாக இருந்திருக்கிறது. பார்வைக்குப் பொன்னிறம் வந்துவிட்டது என்று 14, 15 நிமிடத்தில் எடுத்துவிடுவதுதான் வழக்கமான காரணம். ஓரத்தின் நுனி நல்ல பழுப்பாகவும், சுவரின் அடிப்பக்கம் வெளுப்பு நீங்கியும் இருக்கும்வரை விடுங்கள். நிறம் கூடிப் போகிறது, ஆனால் சுவர் இன்னும் மெத்தென்று இருக்கிறது என்றால் 18வது நிமிடத்தில் வெப்பத்தை 160 டிகிரிக்கு இறக்கி இன்னும் 5 நிமிடம் காய விடுங்கள். ஓவனை அணைத்து, கதவை விரல் அகலம் திறந்து வைத்து, 3 நிமிடம் உள்ளேயே விட்டாலும் சுவர் நின்றுவிடும். எடுத்ததும் கத்தி நுனியால் நடுவில் இரண்டு மூன்று கீறல் போட்டால் உள்ளே சிக்கிய ஆவி வெளியேறி, சுவர் நமுத்துப் போகாமல் இருக்கும்.

பாதி வேக்காட்டில் கதவைத் திறப்பது இன்னொரு காரணம். முதல் 15 நிமிடத்தில் திறந்தால் ஓவனின் சூடு வெளியேறி, இன்னும் இறுகாத சுவர் சரிந்துவிடும். கண்ணாடி வழியாகவே பாருங்கள். ஏறக்குறைய 5வது நிமிடத்தில் ஓரம் ஒளி மங்கி லேசாகச் சுருளும், 8லிருந்து 10க்குள் சுவர் ஏறும், 12க்கு மேல் நடுப்பகுதி மூச்சு விடுவதைப் போல எழுந்து எழுந்து இறங்கும். 8வது நிமிடத்திலும் ஓரம் அசையாமல் கிடந்தால் தவறு சட்டிச் சூட்டில்தான்; இப்போது கதவைத் திறந்து ஆவதற்கு ஒன்றுமில்லை.

அறிகுறி: பழம் சேர்த்த இடமெல்லாம் களியாக, ஈரமாக இருக்கிறது

பழம் இல்லாமல் செய்தால் நன்றாக வருகிறது, பழம் போட்டால் கெடுகிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம். பழத்தின் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மாவில் கலந்தால் நடுப்பகுதி வேகாது. கலக்காமல் வெறுமனே எடையாக உட்கார்ந்தால் மாவு எழும்பாது. மூன்றாவதாக, குளிர்ந்த பழத் துண்டுகள் சட்டிச் சூட்டையும் தின்றுவிடும். ஆகவே எந்தப் பழம் மாவோடு வேகலாம், எது வெந்த பிறகு மேலே வரலாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மாவோடு வேகக்கூடியவை ஆப்பிள், பேரிக்காய் மாதிரி கெட்டிப் பழங்கள். அவையும் பச்சையாக அல்ல. ஒரு நடுத்தர ஆப்பிளைத் தோல் சீவி, 4 மி.மீ. தடிமனில் நறுக்கி, 15 கிராம் வெண்ணெய், 1 மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை பட்டைப் பொடியோடு மிதமான தீயில் 5, 6 நிமிடம் வதக்குங்கள். முதலில் சாறு விட்டுக் கொதிக்கும். அந்தச் சாறு வற்றி, துண்டு உடையாமல் வளைகிற பதம் வந்து, சட்டியில் வெண்ணெய் மட்டும் பளபளப்பாகத் தெரியும்போது இறக்குங்கள். சாறோடு இறக்குவதுதான் இங்கே நடக்கும் தவறு.

வதக்கிய பழத்தைத் தனித் தட்டில் எடுத்து வைத்து, ஓவன் சட்டியை எப்போதும் போலக் காய வைத்து, வெண்ணெய் விட்டு, அதன் பிறகு பழத்தை நடுவில் பரப்பி, உடனே மாவை ஊற்றுங்கள். ஓரத்தைச் சுற்றி இரண்டு செ.மீ. அகலத்துக்குப் பழமே இருக்கக் கூடாது. மாவு சூடான இரும்பை நேராகத் தொட்டால்தான் சுவர் ஏறும். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் ஒரே வரிசையாக இருக்கட்டும். 25 செ.மீ. சட்டிக்கு வதக்கும் முன் 150 கிராம் என்பது உச்ச அளவு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் மீதியை மேலே வைத்துச் சாப்பிடலாம். பழம் சேர்ந்த பான்கேக் வெறும் பான்கேக்கின் உயரத்துக்கு ஒருபோதும் எழாது. அதை எதிர்பார்த்து அளவுகளை மாற்றிக்கொண்டே போக வேண்டாம். வேகும் நேரத்தை மட்டும் 3, 4 நிமிடம் கூட்டுங்கள்.

புளூபெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற சிறு பழங்களை மாவை ஊற்றிய பிறகு மேலே தூவலாம். ஒரு கைப்பிடி, அதாவது 75 கிராம் போதும். கழுவியிருந்தால் துணியில் உருட்டி முழுவதும் உலர்த்திவிட்டுத்தான் போட வேண்டும். உறைந்த பெர்ரிகளை நேராக மாவில் போடவே வேண்டாம். அவை உருகும்போது விடும் நீர் மாவைச் சாம்பல் கலந்த ஊதா நிறமாக்கி, அந்த இடங்களைப் பச்சையாகவே விட்டுவிடும். உறைந்த பழம்தான் இருக்கிறது என்றால் 200 கிராம் பழத்தை 2 மேசைக்கரண்டி சர்க்கரையோடு 6, 7 நிமிடம் கொதிக்க விட்டுக் கெட்டியான சாஸாக்கி, மேசையில் ஊற்றிக்கொள்ளுங்கள். ருசியிலும் அதுவே மேல்.

ஸ்ட்ராபெர்ரி, பீச், மாம்பழம், ஆரஞ்சுச் சுளை எல்லாம் வெந்த பிறகு வைக்க வேண்டியவை. ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, 200 கிராமுக்கு 1 மேசைக்கரண்டி சர்க்கரை பிசறி 15 நிமிடம் வைத்தால் சாறு விடும். துண்டுகளை வடித்து எடுத்துக் குழியில் வையுங்கள். சாற்றைச் சிறு கிண்ணத்தில் தனியாகக் கொடுங்கள். சாறோடு சேர்த்துக் கொட்டினால் 5 நிமிடத்தில் அடிப்பக்கம் ஊறிப் பஞ்சாகிவிடும். வாழைப்பழத்தை ஒரு செ.மீ. வில்லைகளாக நறுக்கி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் சிவக்க விட்டு மேலே வைத்தால் நன்றாக இருக்கும். மாவுக்குள் போட்டால் கனத்து அடியில் தங்கிவிடும். அன்னாசியையும் கிவியையும் கிரீமோடு கலந்து முன்கூட்டியே வைக்க வேண்டாம். அவற்றின் நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். சாப்பிடும் நேரத்தில் சேர்த்தால் தொல்லையில்லை.

எலுமிச்சைச் சாற்றை மாவில் பிழிந்தால் பால் திரியும். மணம் வேண்டும் என்றால் தோலைத் துருவி மாவில் சேர்த்து, சாற்றைக் கடைசியில் மேலே பிழியுங்கள். ஐசிங் சர்க்கரை எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் உலர்ந்த ஓரச் சுவரின் மேல் தூவப்பட வேண்டும். ஈரமான பழத்தின் மேல் பட்டால் பட்ட மாத்திரத்தில் கரைந்து மறைந்துவிடும்.

அறிகுறி: பழமே போடவில்லை, ஆனாலும் நடுவில் கூழாக இருக்கிறது

நடுப்பகுதியின் அடியில் மெல்லிய, மென்மையான கஸ்டர்ட் அடுக்கு இருப்பது இயல்பு. பலருக்கு அதுதான் பிடித்த பகுதி. கத்தியைக் குத்தி எடுத்தால் ஈரம் தெரியலாம், மாவு வழியக் கூடாது. உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். முட்டை பாதுகாப்பாக வெந்துவிட்டது என்பதற்கு அதுவே அளவு.

மாவு வழிகிறது என்றால் பால் கூடிவிட்டது. பல குறிப்புகளில் 3 முட்டைக்கு 160 மி.லி. வரை பால் வரும். அது மெத்தென்ற நடுப்பகுதியை விரும்புபவர்களுக்கானது, நன்றாகக் காயும் கனமான சட்டியில் மட்டுமே ஒழுங்காக வரும். மெல்லிய சட்டிக்கு 120க்கு மேல் போகாதீர்கள்.

அறிகுறி: வெண்ணெய் கருகியது, அல்லது நடுவில் வெண்ணெய்க் குளம்

வெண்ணெயைச் சட்டியோடு ஆரம்பத்திலேயே ஓவனுக்குள் வைத்திருப்பீர்கள். வெண்ணெயின் பால் சத்து 150 டிகிரியிலேயே கருகத் தொடங்கும். 220 டிகிரியில் காய்ந்த சட்டியில் அதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆயுள் கிடையாது. நுரை அடங்கி, அடியில் இளம் பழுப்புத் துகள்கள் தெரிந்து, கொட்டைப் பருப்பு வறுத்த மணம் வரும் கணம்தான் மாவுக்கான நேரம். அதனால் மாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெண்ணெயைப் போட வேண்டும். இந்தப் பதற்றமே வேண்டாம் என்பவர்கள் 30 கிராம் நெய்யைப் பயன்படுத்தலாம். நெய்யில் தண்ணீரும் பால் சத்தும் இல்லாததால் கருகாது, நிறமும் சீராக வரும். கருகிக் கறுத்த வெண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அந்தக் கசப்பைச் சர்க்கரையால் மறைக்க முடியாது.

வெந்த பிறகு நடுவில் வெண்ணெய் தேங்கி நின்றால் அளவு கூடிவிட்டது. 25 செ.மீ. சட்டிக்கு 50 கிராமுக்கு மேல் தேவையே இல்லை. 40 கிராம்தான் போட்டீர்கள் என்றால் சட்டியைச் சுழற்றிப் பக்கங்களில் ஏற்றாமல் விட்டிருப்பீர்கள்.

அறிகுறி: சட்டியில் ஒட்டிக்கொண்டது

இங்கேயும் சட்டிச் சூடுதான் முதல் சந்தேகம். சூடு குறைந்த இரும்பில் முட்டை பசை போல ஒட்டும். பக்கச் சுவரில் வெண்ணெய் படாதது அடுத்தது. ஒரு பிரஷ்ஷால் விளிம்பு வரை தடவுங்கள். எடுத்தவுடன் சுரண்டாமல் 2 நிமிடம் விட்டால் ஓரம் தானாகச் சுருங்கி விலகும், பிறகு மெல்லிய திருப்பியை ஓரத்தில் விட்டுச் சுற்றி வாருங்கள். சர்க்கரை அதிகமான பழத் துண்டு அடியில் பட்ட இடத்தில் கேரமலாகி ஒட்டியிருந்தால் சூடாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும்.

வார்ப்பிரும்பு இல்லாதவர்கள் கனமான எஃகு அல்லது கார்பன் ஸ்டீல் சட்டி, இல்லையென்றால் கனமான அலுமினியக் கேக் தட்டு பயன்படுத்தலாம். நான்-ஸ்டிக் என்றால் எத்தனை டிகிரி தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலியாகச் சூடாக்குவது அதற்கு நல்லதல்ல. கண்ணாடிப் பாத்திரத்தை வெறுமையாகக் காய வைத்து அதில் மாவை ஊற்றவே கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தில் அது உடைந்து சிதறக்கூடும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மலை போல் எழுந்தது

கொஞ்சம் கோணலாக எழுவது இதன் இயல்பு. எப்போதும் ஒரே பக்கம் எழுகிறது என்றால் ஓவனில் அந்தப் பக்கம் சூடு அதிகம், அல்லது தட்டு சாய்ந்திருக்கிறது. சட்டியைக் காய வைக்கும்போது பாதியில் அரைவட்டம் திருப்பி வையுங்கள். மாவு உள்ளே போன பிறகு திருப்பாதீர்கள். ஃபேன் காற்று ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் ஓவன்களில் ஃபேனை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிட்டு, வெப்பத்தை 220க்கு ஏற்றுங்கள். நடுவில் ஒரே பெரிய குமிழியாக எழுந்தால் அடியில் ஆவி சிக்கியிருக்கிறது; கத்தி நுனியால் குத்தினால் உட்கார்ந்துவிடும், ருசிக்கு ஒரு கேடும் இல்லை.

அறிகுறி: மேலே கருகியது, உள்ளே வேகவில்லை

ஓடிஜி மாதிரி சிறிய ஓவன்களின் பிரச்சினை இது. சுவர் சட்டி விளிம்புக்கு மேலே 5 முதல் 8 செ.மீ. வரை ஏறும். மேல் கம்பி பக்கத்தில் இருந்தால் நுனி கருகும். தட்டை ஒரு படி இறக்கி, சட்டி விளிம்புக்கும் மேல் கம்பிக்கும் இடையே 12 செ.மீ.யாவது இடம் விடுங்கள். சட்டி காயும்போது இரண்டு கம்பியும் ஓடட்டும், மாவை ஊற்றியதும் கீழ்க் கம்பிக்கு மாற்றி, கடைசி 5 நிமிடத்துக்கு மேல் கம்பியைப் போடுங்கள். சர்க்கரை ஒரு மேசைக்கரண்டியைத் தாண்டினாலும் நிறம் வேகமாக வந்து ஏமாற்றும். இனிப்பு எப்படியும் மேலேதான் வரப்போகிறது. மாவில் குறைத்துப் போடுவது நல்லது.

அறிகுறி: முட்டை வாடை, ரப்பர் போல் இழுபடுகிறது

குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வெந்திருக்கிறது, அல்லது மைதாவை விட முட்டை மிஞ்சிவிட்டது. பெரிய முட்டைகளில் ஓடு நீக்கி 60 கிராம் வரை இருப்பதும் உண்டு. அந்த மூன்று முட்டை, அடிப்படை அளவின் மூன்றரை முட்டைக்குச் சமம். எடை போட்டால் தெரிந்துவிடும். உப்பைத் தவிர்த்தாலும் முட்டை வாடை தூக்கலாகத் தெரியும். கால் தேக்கரண்டி உப்பு அவசியம். அதோடு எலுமிச்சைத் தோல் துருவலோ, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடியோ சேர்த்தால் போதும்.

அறிகுறி: அட்டை போல் வறட்சி, அல்லது மாவுக் கட்டிகள்

மைதாவைக் கப்பால் அள்ளி எடுத்திருப்பீர்கள். அரை கப்பைக் கரண்டியால் தூவி நிரப்பினால் 60 முதல் 65 கிராம். மாவு டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 75 கிராமைத் தாண்டும். இவ்வளவு சின்ன அளவில் 10 கிராம் கூடினாலே மாவு கெட்டிப்பட்டு, சுவர் தடித்து, வறண்டுவிடும். சரியாகக் கரைத்த மாவு கரண்டியிலிருந்து கிரீம் போல இடைவிடாமல் ஒழுக வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலம் நிற்க வேண்டும்.

மிக்சி இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடிக்காதீர்கள். முட்டையை மட்டும் விஸ்க்கால் நுரைக்க அடித்து, அதில் மைதாவைச் சேர்த்துக் கெட்டிக் குழம்பாக்கி, கட்டியெல்லாம் உடைந்த பிறகு பாலைச் சிறிது சிறிதாக விடுங்கள். அப்படியும் கட்டி இருந்தால் வடிகட்டி வழியே ஊற்றுங்கள். கரைத்த மாவை 10 முதல் 30 நிமிடம் வைத்தால் மைதா ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அடித்ததில் இறுகிய குளூட்டனும் தளரும். சுவர் மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் வரும். சட்டி காயும் நேரமே அதற்குப் போதும்.

முந்தைய இரவே கரைத்து வைக்க விரும்பினால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஓவனைப் போடும்போதே வெளியே எடுத்து, அடியில் படிந்த மைதா கலங்கும்படி நன்றாக அடித்து, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் நிறுத்திக் குளிர்ச்சியைப் போக்கிவிட்டு ஊற்றுங்கள். முட்டை கலந்த மாவு என்பதால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மீந்துபோன பான்கேக்கை மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல் போலாகிவிடும். பழத்தை எடுத்துவிட்டு, 180 டிகிரி ஓவனில் 5, 6 நிமிடம் வைத்தால் ஓரத்தில் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். நடுப்பகுதி மறுபடி உப்பாது.